பேர் கேட்ட புழு

முன்பொரு நாள், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் ஒரு கொட்டகையில், மல்பெரி இலையை மட்டுமே தின்று விரல் பருமனுக்கு வளர்ந்த புழு ஒன்று இருந்தது. நான்கு தடவை தோலுரித்தாகிவிட்டது. உடம்பு பழுத்த நிறத்துக்கு வந்துவிட்டது. இனி கூடு கட்ட வேண்டியதுதான் பாக்கி. உடம்போடு சேர்ந்து திமிரும் வளர்ந்திருந்தது.

கொட்டகைக்குச் சொந்தக்காரியான மாதம்மாளுக்கு அப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருந்தது. வெள்ளிக்கிழமை பேர் வைக்கும் நாள். குழந்தையின் காதில் பேரை மூன்று முறை சொல்ல வேண்டும். எந்தப் பேர் என்பதில்தான் தகராறு.

"ரேஷ்மான்னு வைப்போம். கூப்பிட ஸ்டைலா இருக்கும்" என்றான் அவள் கணவன் சென்னப்பன்.

"பட்டுன்னு வைங்க. வாய் நெறைய வருது."

"ஆம்பளப் புள்ளையா இருந்தா எங்க தாத்தா பேரு, பீதாம்பரம்னு வச்சிருப்பேன்."

"பொறந்தது பொண்ணு. அத வுடுங்க" என்று மாதம்மாள் இலைக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

வாயில் வந்த பேர் வீட்டுக்கு வராமல் இருக்குமா? மூன்று பேர்களும் வந்து கொட்டகை வாசலில் உட்கார்ந்துகொண்டன. பெண் என்று தெரிந்தும் பீதாம்பரத்துக்குக் கிளம்ப மனமில்லை.

"நான் பாரசீகத்திலிருந்து வந்தவள். எனக்குப் பட்டு என்று அர்த்தம்" என்றாள் ரேஷ்மா.

"நான் மஞ்சள் பட்டாடை. சாமி இடுப்பில் இருப்பவன்" என்றது பீதாம்பரம்.

"எனக்கு அர்த்தமே தேவையில்லை. நான்தான் பட்டு" என்றாள் பட்டு.

தட்டிலிருந்து புழு எட்டிப் பார்த்தது. "பட்டு பட்டு என்கிறீர்களே, அது எங்கே கிடைக்கும்?"

மூன்றும் விழுந்து விழுந்து சிரித்தன. "மடையா, உன் வயிற்றில்தான்!"

புழுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்படியானால் என் பேருக்கு என்ன அர்த்தம்?"

"புழுவுக்கு என்ன அர்த்தம்? புழுதான்."

"ஊரில் உன்னைப் பட்டுப்புழு என்றுதானே சொல்கிறார்கள்? என் பேர் முன்னாலேயே இருக்கிறதே" என்று பட்டு சமாதானம் செய்தாள்.

"எனக்கு அந்த முன்பாதி மட்டும் போதும். பின்பாதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்காவிட்டால் ஒரு இழைகூட விட மாட்டேன்."

பேர்கள் பயந்துபோயின. புழு நூல் விடாவிட்டால் பட்டு ஏது? பட்டு இல்லாவிட்டால் அவர்களுக்கு அர்த்தம்தான் ஏது? மூவரும் கூடிப் பேசினார்கள். ரேஷ்மா புழுவின் மேல் ஏறிப் பார்த்தாள், வழுக்கிக்கொண்டு கீழே வந்தாள். பீதாம்பரம் ஏறியது, பக்கத்து மூன்று புழுக்களையும் சேர்த்து மூடிவிட்டது. பட்டுதான் அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை மாதம்மாள் பழுத்த புழுக்களைப் பொறுக்கி, சந்திரிகை என்கிற மூங்கில் தட்டியில் விட்டாள். வளையம் வளையமாக முடைந்த தட்டி அது, ஒவ்வொரு புழுவுக்கும் ஒரு சந்து. எல்லாம் தலையை ஆட்டி நூல் விட ஆரம்பித்தன.

நம் புழு மட்டும் கால்மேல் கால் போடாத குறையாகச் சாய்ந்திருந்தது.

"கட்டவில்லையா?" என்றது பக்கத்துப் புழு.

"நான் எதற்குக் கட்ட வேண்டும்? நானே பட்டு."

"ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துப் புழு தன் நூலுக்குள் மறைந்தது.

அன்று பொழுது போய், அடுத்த நாளும் விடிந்தது. சுற்றிலும் கூடுகள் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தன. பேச்சுத்துணைக்கு ஆளில்லை. வயிறு முட்டிக்கொண்டு வந்தது. வாயில் என்னவோ கசிந்தது, விழுங்கிக்கொண்டது. பட்டு என்று பேர் வாங்கியவன் வாயைத் துடைத்துக்கொண்டு திரியலாமா?

மாதம்மாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். தட்டியைப் பார்த்துக்கொண்டே வந்தவள் நின்றாள்.

"என்னாங்க, இது ஒண்ணு மட்டும் சும்மாவே கெடக்குது."

"அம்மா, நான் பட்டு!" என்று புழு கத்தியது. அவள் காதில் ஒன்றும் விழவில்லை.

"சாயந்தரம் வரைக்கும் பாரு. கட்டலன்னா கோழிக்குப் போடு" என்றான் சென்னப்பன்.

கோழி என்ற சொல்லைக் கேட்டதுதான் தாமதம், முதுகிலிருந்து பட்டு ஒரே குதி குதித்தாள். "என்னை மன்னித்துவிடு. கோழி வயிற்றில் போனால் என் மானம் என்ன ஆவது?" வாசலுக்கு ஓடியே போய்விட்டாள்.

புழு அழுதது. முந்தாநாள் ஆசை ஆசையாகக் கேட்டு வாங்கிய பேர், ஒரு கோழிக்குப் பயந்து விட்டுவிட்டுப் போகிறதே! முதுகைத் திரும்பிப் பார்த்தது. வெறும் முதுகு. ஆனால் வயிறு மட்டும் அப்படியே நிறைந்திருந்தது. அதை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

வாயைத் திறந்தது. இழை வந்தது.

தலையை எட்டுப் போட்டு ஆட்டி ஆட்டி இழைத்தது. வர வர அதற்கே ஆச்சரியமாகிவிட்டது. இவ்வளவு நூலை வைத்துக்கொண்டா வாசலில் இருந்தவர்களிடம் பிச்சை கேட்டோம் என்று சிரிப்பு வந்தது. சாயங்காலம் கூடையோடு வந்த மாதம்மாள், மெல்லிய வலைக்குள் அது ஆடுவதைப் பார்த்தாள்.

"ஐயோ என் தங்கமே, கட்டிடுச்சுங்க! கெட்டிக்காரக் கழுத. இத வித்துக் கூட்டுக்கு எடுத்து வச்சுடலாம்."

வித்துக் கூடு என்றால் கொதிக்கிற தண்ணீரில் போட மாட்டார்கள். பூச்சி வெளியே வந்து முட்டையிடும்வரை பத்திரமாக வைத்திருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் விட்டுக்கொடுக்காமல், கடைசியில் ரேஷ்மா பட்டு என்று இரண்டையும் சேர்த்துக் குழந்தையின் காதில் சொல்லிவிட்டார்கள். அந்த இரண்டு பேர்களும் கைகோத்துக்கொண்டு தொட்டிலுக்குள் போய்விட்டார்கள்.

பீதாம்பரம் மட்டும் தனியாக நின்றது. கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு கொட்டகைக்குள் போய், அந்தக் கூட்டின் ஓரத்தில் மெதுவாகத் தட்டியது.

"தம்பி, நான் சும்மாதான் இருக்கிறேன். நீளத்தைப் பார்க்காதே, மடித்துக்கூடப் போட்டுக்கொள்ளலாம். என்னை வைத்துக்கொள்கிறாயா?"

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வேலையாக இருக்கிறேன். அப்புறம் வாருங்கள்."