தழைக்குவியலுக்கு அடியில்

ஒரு ஊரிலிருந்து ஒரு நாள் காட்டுவழியே உப்பு விற்கப் போனவர்கள் இவ்வளவுதான்: வெயிலாச்சி ஒன்று, அவள் மூத்த மகன் இருளப்பன் இரண்டு, இளையவன் சடையன் மூன்று, இருளப்பன் பெண்டாட்டி ஆண்டிச்சி நான்கு, உப்பு சுமந்த கழுதைகள் இரண்டு. ஆக ஆறு உயிர்.

அந்தக் காட்டில் வழிக்காரி அம்மன் இருந்தாள். கோயில் கிடையாது, சிலை கிடையாது, விளக்கு கிடையாது. போகிறவர்கள் பச்சைத் தழை ஒடித்து, கிட்டே போய்க் கையால் வைத்துக் கும்பிடுவார்கள். அந்தக் குவியல்தான் அம்மன். வெயிலாச்சியும் தழை வைத்தாள். "தாயே, தெரியாத குழியிலிருந்து காலைக் காப்பாத்து, தெரிஞ்ச ஆசையிலிருந்து கையைக் காப்பாத்து" என்று வேண்டிக்கொண்டாள்.

அப்புறம் நடந்தார்கள், நடந்தார்கள், உச்சிப்பொழுது வரை நடந்தார்கள். பார்த்தால் இன்னொரு தழைக்குவியல், அதன் மேல் ஒரு வெள்ளித் தண்டை. இந்த வழிக்கு அம்மன் ஒருத்திதான், தழையும் வைத்தாயிற்று, பேசாமல் வாருங்கள் என்றாள் தாய்.

"சாமியை எண்ணுறதுலகூடக் கஞ்சத்தனமா ஆத்தா?" என்று சிரித்தான் இருளப்பன். தழை வைக்கிற சாக்கில் போய்த் தண்டைக்குக் கை நீட்டினான். குவியல் அப்படியே உள்ளே போனது, அவனும் போனான். அண்ணனைத் தூக்க ஓடிய சடையன் கால் வைத்த இடமும் சரிந்தது. அடியில் கூர் சீவிய கழிகள் நட்டிருந்தன. அதற்கு மேல் அதைச் சொல்ல மாட்டேன், பிள்ளைகளா.

கழி தானாகவா கூராகும்? சீவினவன் வருவான் என்று வெயிலாச்சிக்குப் புரிந்தது. மருமகள் வாயைப் பொத்தி, கழுதைகளையும் இழுத்துக்கொண்டு பாறைக்குப் பின்னால் ஒளிந்தாள். கழுதைகள்கூடக் கத்தவில்லை, அது அம்மன் செயல். கொஞ்ச நேரத்தில் ஒருவன் வந்தான். மரத்தில் கயிறு கட்டிக் குழிக்குள் இறங்கி, செத்தவர்கள் மடியைத் தடவ ஆரம்பித்தான். வெயிலாச்சி வந்து கயிற்றை மேலே இழுத்துக்கொண்டாள்.

தண்டையைத் தருகிறேன் என்றான். அவள் கயிற்றை ஒரு சுற்றுச் சுருட்டினாள். புதைத்து வைத்த நகையெல்லாம் தருகிறேன் என்றான். இன்னொரு சுற்றுச் சுருட்டினாள். மூன்றாவதாகச் சொன்னான்: "உன் சின்ன மகனுக்கு இன்னும் மூச்சு இருக்கு. கயித்தைப் போடு, தூக்கிட்டு வர்றேன்."

அவள் கையிலிருந்து கயிறு பாதி இறங்கிவிட்டது. "அத்தே, முதல்ல எட்டிப் பாருங்க" என்றாள் ஆண்டிச்சி. வெயிலாச்சி சடையா என்றாள், சடையா என்றாள், சடையா என்றாள். குனிந்து பார்த்தாள். சடையனின் திறந்த கண்மேல் ஈ உட்கார்ந்திருந்தது.

"தாயே, என் கையைப் பிடிச்சுக்கோ" என்று சொல்லிக் கயிற்றை முழுக்கச் சுருட்டிவிட்டாள். அவன் மண்சுவரில் ஏறினான், சறுக்கினான், ஏறினான், சறுக்கினான், மூன்றாம் தரம் தான் சீவிய கழிமேலேயே மல்லாந்து விழுந்தான்.

குழி வெட்டினவன் குழியோடு போனான், கேட்ட நீங்கள் வழி பார்த்து நடங்கள். போனது ஆறு. ஊர் திரும்பியது பெண்கள் இரண்டு, கழுதைகள் இரண்டு. மிச்சம் நாலு.