எண்ணங்களுக்குக் கட்டியம் கூறிய கதை

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள், மகரதேவன் என்று ஓர் அரசன் இருந்தான். நல்ல மனிதன்தான். ஆனால் சதா கவலை. மழை பெய்தால் ஏரி உடையுமோ என்று கவலை; பெய்யாவிட்டால் வற்றுமோ என்று கவலை. கவலை முற்றிப்போய், ரசத்தில் உப்புக் கொஞ்சம் தூக்கல் என்பதற்காக ஒருநாள் சமையல்காரனைத் துரத்திவிட்டான். மறுநாள் பசியோடு உட்கார்ந்து அதற்கும் கவலைப்பட்டான்.

அந்தப் பக்கமாகப் போன துறவி ஒருவர், "தினமும் கண்ணை மூடிச் சற்று நேரம் தியானத்தில் அமருங்கள். மனம் அடங்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எப்படி அடங்கும் என்று சொல்லாமல் போனதுதான் வினை.

அரசன் நந்தவனத்தில் அமர்ந்து கண்ணை மூடினான். அவ்வளவுதான், சந்தைக் கூட்டம் மாதிரி எண்ணங்கள் முண்டியடித்துக்கொண்டு வந்தன. குயில் கூவுவதால்தான் இப்படி என்று குயிலை விரட்டினார்கள். நீரூற்றுச் சத்தம் என்று ஊற்றை அடைத்தார்கள். எண்ணங்கள் அசைந்து கொடுக்கவில்லை. பத்தாம் நாள் அரசன் சபையில் பொரிந்து தள்ளினான்.

"இந்த அரண்மனைக்குள் யார் வருவதானாலும் நம் அனுமதி வேண்டும். நம் மனத்துக்குள் மட்டும் கண்டதெல்லாம் நுழைவதா? இனி நம் அனுமதியின்றி ஓர் எண்ணமும் உள்ளே வரக் கூடாது!"

சபையில் பிரதானி உக்கிரமூர்த்தி எழுந்தார். அரசனுக்கு அடுத்த பதவி அவருடையது. ஆனால் அரசன் மனம்விட்டுச் சிரிப்பதோ விகடகவி அம்பலக்கூத்தனின் பேச்சுக்கு. அதில் பிரதானிக்குத் தீராத வயிற்றெரிச்சல்.

"மாமன்னா, இந்தப் பணிக்கு ஏற்றவர் கூத்தனே. நாளைக் காலை ஒரு நாழிகை, தங்கள் அனுமதியின்றி ஓர் எண்ணமும் நுழையாமல் அவர் காக்கட்டும். தவறினால், அரசரின் அமைதிக்கு உதவாத விகடகவி நமக்கு எதற்கு? எல்லை தாண்டிப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்!" என்றான் அரசன், இருந்த கோபத்தில். சொன்ன பிறகுதான் அவனுக்குச் சுருக்கென்றது. சபையில் விழுந்த வார்த்தையை அள்ள முடியுமா?

அன்று மாலை கூத்தன் வீட்டுக்கு வந்தபோது, மனைவி பூவாயி பாத்திரங்களைத் துணியில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பானையைக் கட்டாதே புள்ள, நாளைக்குச் சோறு பொங்க வேண்டாமா?"

"எந்த ஊர்ல பொங்குறதுன்னு சொல்லுங்க, கட்டாம விடுறேன்" என்றாள் அவள்.

காலையில் சபை முழுவதும் நந்தவனத்தில் கூடியது. அடியில் சின்னத் துளையிட்ட வட்டிலைத் தண்ணீரில் மிதக்கவிட்டார்கள். அது நிறைந்து மூழ்கினால் ஒரு நாழிகை. கூத்தன் ஒரு கையில் வெற்றிலைத் தட்டோடு வந்தான். பின்னாலேயே அரண்மனைக் கட்டியக்காரர், சபைக்கு வருவோரின் பெயரை முழங்குகிறவர், தடியோடு வந்தார்.

"இதென்ன கோமாளித்தனம்?" என்றார் பிரதானி.

"அரண்மனை வழக்கம்தான் ஐயா. வருபவர் யாரென்று கட்டியக்காரர் அறிவிக்கிறார். அரசர் 'வரட்டும்' என்கிறார். தாம்பூலம் கைக்கு வந்ததும் விருந்தினர் விடைபெறுகிறார். அதற்குமேல் யாராவது உட்கார்ந்ததுண்டா? மன்னா, எந்த எண்ணம் வந்தாலும் வாசலில் நிறுத்தி அதன் பெயரை மட்டும் சொல்லுங்கள். விரட்டவும் வேண்டாம், வையவும் வேண்டாம்."

அரசன் கண்ணை மூடினான். உடனே உதடு முணுமுணுத்தது. கட்டியக்காரர் தடியைத் தட்டினார்.

"மகரதேவ மகாராஜர் சமூகத்துக்கு, ஏரிக்கரை உடையுமோ என்னும் கவலை வருகிறது! பராக்! பராக்!"

"வரட்டும்."

கூத்தன் அரசனுக்குப் பக்கத்திலிருந்த காலி ஆசனத்தில் ஒரு வெற்றிலையை வைத்தான். "தாம்பூலம் ஆயிற்று. சென்று வருக."

"முதுகின் நடுவில், கைக்கு எட்டாத இடத்து அரிப்பு எழுந்தருளுகிறது! பராக்!"

"வரட்டும்."

நேற்றுத் தின்ற பாகற்காய் வந்தது. பட்டத்து யானையின் இருமல் வந்தது. எல்லாம் வெற்றிலை வாங்கிக்கொண்டு போயின. போகப் போக வரவு குறைந்தது. ஓர் எண்ணத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே நீண்ட இடைவெளி விழுந்தது. அறிவிக்க ஆளில்லாமல் கட்டியக்காரர் தடியில் சாய்ந்து கொட்டாவி விட்டார். அரசனின் நெற்றிச் சுருக்கம் தளர்ந்து, தோள்கள் இறங்கி, முகம் குளித்து எழுந்த பிள்ளையின் முகமாக இருந்தது.

வட்டில் மூழ்கப் போகும் நேரம். அரசனின் முகம் சட்டென்று வாடியது. உதடு திறக்கவில்லை.

"அறிவிக்காமல் ஏதோ நுழைகிறது!" என்று துள்ளினார் பிரதானி.

அரசன் கட்டியக்காரரை அருகே அழைத்துக் காதில் சொன்னான். அவர் தடியைத் தட்டாமல் தணிந்த குரலில் அறிவித்தார்.

"கூத்தன் தோற்று, நம்மை விட்டுப் போய்விடுவானோ என்னும் பயம்... வாசலில் நிற்கிறது. பராக்."

"வரட்டும்."

ஊரையே பேச்சில் மடக்குகிற கூத்தனுக்கே கண்கள் நிறைந்தன. இருந்தும் வெற்றிலையை எடுத்தான்.

"அதற்குத் தாம்பூலம் வேண்டாம்" என்றான் அரசன், கண்ணைத் திறக்காமலே. "அது நம் பக்கத்தில் உட்காரட்டும்."

வட்டில் மூழ்கியது.

"மன்னா, எண்ணம் தங்கிவிட்டது! கூத்தன் தோற்றான்!" என்று கத்தினார் பிரதானி.

அரசன் கண்ணைத் திறந்தான். "அனுமதியின்றி நுழையக் கூடாது என்பதே நம் ஆணை. வந்தவை எல்லாம் கேட்டுத்தான் வந்தன. கடைசியாக வந்ததை உட்காரச் சொன்னதும் நாமே. பிரதானியாரே, தியானம் நல்ல மருந்தாக இருக்கிறது. நாளை நீரும் சபை நடுவில் அமரும். கட்டியக்காரரை அனுப்பி வைக்கிறோம்."

தன் எண்ணங்களை ஊரறியக் கூவுவதா? பிரதானிக்கு வியர்த்துக் கொட்டியது. "ஐயோ, எனக்குக் கட்டியக்காரர் மட்டும் வேண்டாம் மன்னா!"

சபையே கொல்லென்று சிரித்தது. எல்லோரையும் மிஞ்சி, வயிறு குலுங்கச் சிரித்தவன் அரசன்தான். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கூத்தனுக்குப் போட்டு, கையைப் பிடித்துப் பக்கத்து ஆசனத்துக்கு இழுத்தான்.

"அங்கே இடம் ஏது மன்னா? பயம் உட்கார்ந்திருக்கிறதே!"

"நீ வந்து உட்காரடா. அது தானே எழுந்து போய்விடும்."