நண்டுக் கட்டுரைக்கு இரண்டு சொந்தக்காரர்கள்

கடல் உயிரியல் மாநாட்டுக்கு ஒரே ஆய்வுக் கட்டுரை இரண்டு பெயர்களில் வந்து சேர்ந்தது. ஒன்றில் ஆய்வு மாணவி செண்பகவல்லியின் பெயர். மற்றதில் அவளுடைய நெறியாளர், பேராசிரியர் ஆராவமுதனின் பெயர். கையெழுத்துக்காக அவள் கொடுத்த பிரதியைத்தான் அவர் தன்னுடையதாக அனுப்பியிருந்தார். மாநாட்டுத் தலைவி இருவரையும் அழைத்தார்.

"என் கட்டுரையைத் திருடிட்டா, மேடம். இவளோட ஆய்வுப் பதிவையே ரத்து பண்ணணும்!" என்று முழங்கினார் பேராசிரியர்.

செண்பகவல்லி மேசையிலிருந்த தன் கட்டுரையைப் பார்த்தாள். சேற்றில் இறங்கி நண்டு தேடியதெல்லாம் வீணாகிவிடுமே! அவரை எதிர்த்துத் துறையில் யாரும் வாய் திறந்ததில்லை. அவள் பணிவாகச் சொன்னாள்:

"கட்டுரை உங்களோடதாவே இருக்கட்டும், சார். ஆனா, கோடைக்கால நண்டு எண்ணிக்கையில ஒரு பிழை இருக்கு. அப்படியே அச்சானா உங்களுக்குத்தானே கெட்ட பேரு?"

"அதை நான் அப்பவே கவனிச்சுட்டேன். திருத்தியும் வச்சுட்டேன். நீ எனக்குச் சொல்லித் தர வேண்டாம்!"

தலைவி பக்கங்களைப் புரட்டினார். மறுபடியும் புரட்டினார்.

"இது முழுக்க மழைக்கால ஆய்வு, சார். கோடையைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே?"

தலைவி மாணவியின் கட்டுரையைத் தன் கோப்பில் வைத்துக்கொண்டு, மற்றதை அவரிடம் நீட்டினார்.

"எடுத்துட்டுப் போங்க, சார். ஒரு தடவையாவது படிச்சுப் பாருங்க."