ஜோடி விளக்கு

கோயம்புத்தூரில் பழைய கார் வைத்திருந்தவர்கள் வக்கீல் நூர்ஜகானைக் குரு என்றே சொல்வார்கள். அவரிடம் இருந்தவை மூன்றே வண்டிகள். மூன்றும் ஓடும்.

முத்துவேலப்பன் அவரிடம் வந்து சேர்ந்தபோது அறுபதைத் தாண்டியிருந்தார். குருவுக்கோ அவருடைய மகளின் வயதுதான். ஃபவுண்டரித் தொழிலை மகனிடம் விட்டுவிட்டு, இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஆஸ்டின் கார் ஒன்றை வாங்கியிருந்தார். முதலில் என்ன செய்ய வேண்டும் என்று குருவைக் கேட்டார்.

“நாலு நாள் ஸ்டார்ட் பண்ணாதீங்க. சும்மா உள்ள உட்காருங்க.”

உட்கார்ந்தார். தோலும் பெட்ரோலும் பழைய மரமும் கலந்த வாசனை அவருக்குள் ஏறிவிட்டது. அதன்பின் வண்டியைத் துடைப்பதற்கு மனைவியின் நைந்த காட்டன் சேலைதான் வேண்டும். கல்யாணப் பந்தியில் இருக்கும்போது வானம் கறுத்தால், இலையை மடித்துவிட்டு ஷெட் கதவைப் பூட்ட ஓடுவார்.

குன்னூரில் சிரில் என்று ஒருவர், எஸ்டேட் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடமும் அதே ஆஸ்டின் இருந்தது. இருவரும் சேர்ந்தே உதிரி பாகம் தேடி அலைந்தார்கள். இரண்டு வண்டியிலும் ஹெட்லைட் அசல் இல்லை. அது ஒன்றுதான் குறை.

ஒருநாள் உக்கடத்துப் பழைய சாமான் கடையில் ஒரு சாக்குக்குள் அந்த விளக்குகள் கிடந்தன. நிக்கல் வளையம், வரிவரியாகக் கோடு விழுந்த கண்ணாடி, ஒரே ஒரு ஜோடி. சாக்கில் இருவரின் கையும் ஒன்றாக நுழைந்தது. ஆளுக்கு ஒன்று கையில் வந்தது. கடைக்காரர் யாருக்குக் கொடுப்பது என்று புரியாமல் ஆளுக்கு ஒன்றாக விற்றுவிட்டார்.

மற்றவர் விட்டுக்கொடுப்பார் என்று இருவருமே காத்திருந்தார்கள். பிறகு பேச்சு நின்றது. கார் கண்காட்சிகளில் மைதானத்தின் இந்த ஓரத்தில் ஒரு ஆஸ்டினும் அந்த ஓரத்தில் ஒரு ஆஸ்டினும் நிற்கும். இரண்டிலும் ஒரு விளக்கு அசல், ஒரு விளக்கு போலி. நடுவர்கள் இரண்டுக்கும் ஒரே அளவு மார்க்கைக் குறைப்பார்கள்.

சிரிலிடம் ஆள் விட்டுக் கேட்டாயிற்று, பதிலுக்கு வேறு சாமான் தருவதாகச் சொல்லியாயிற்று. கடைசியில் முத்துவேலப்பன் குருவிடம் போனார்.

“அந்த விளக்கை எப்படிங்க வாங்குறது?”

நூர்ஜகான் தன் வண்டியின் பானெட்டைத் திறந்து ஆயில் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க விளக்கைக் கழட்டுங்க. கொண்டுபோய் அவர்கிட்டக் குடுத்துடுங்க.”

“நான் கேட்டது வாங்குறதுக்குங்க.”

“கேட்டுச்சுங்க” என்றார் குரு. ஆயில் குச்சியைத் துடைத்து மறுபடி உள்ளே விட்டார்.

முத்துவேலப்பனுக்கு வந்த கோபத்தில் அந்த மழைக்காலம் முழுக்க குருவின் வீட்டுப் பக்கமே போகவில்லை. ஞாயிறுதோறும் விளக்கைத் துடைத்தார். துடைக்கும்போதெல்லாம் பக்கத்தில் இருந்த போலி விளக்குதான் கண்ணில் பட்டது. இதைப் பற்றிப் பேசினால் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் குன்னூரில் இருந்தார்.

மழை விட்டதும் முத்துவேலப்பனே தன் விளக்கைக் கழற்றினார். அந்த இடத்தில் ஒரு போலியை மாட்டி, ஆஸ்டினை மெதுவாக மலை ஏற்றினார்.

சிரில் கதவைப் பாதிதான் திறந்தார். துணியைப் பிரித்துக் காட்டியதும் விளக்கைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார்.

“பதிலுக்கு என்ன வேணும் வேலப்பா?”

“ஒண்ணும் வேண்டாம். மாட்டிப் பாரு.”

சிரில் நெடுநேரம் நம்பவில்லை. டீ வந்தது, ஆறியது. அப்புறம் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்தார். வயரை எந்தப் பக்கமாக இழுப்பது என்று இருவருக்கும் சண்டை வந்தது. வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்ததற்கும் சேர்த்துப் பேசினார்கள். மாட்டி முடிக்கும்போது பொழுது சாய்ந்து பனி இறங்கியிருந்தது.

சிரில் ஏறி உட்கார்ந்து சுவிட்சைப் போட்டார். முத்துவேலப்பன் வண்டிக்கு எதிரில் நின்றிருந்தார். பனிக்குள் இரண்டு மஞ்சள் வட்டங்கள் ஒரே நிறத்தில், ஒரே உயரத்தில் எழுந்து நின்றன. வண்டிக்கு அப்போதுதான் முகம் வந்ததுபோல் இருந்தது.

“எப்படி இருக்கு?” என்று உள்ளேயிருந்து சிரில் கேட்டார். முத்துவேலப்பன் இன்னும் இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார்.

மறுநாள் ஊர் திரும்பியதும் நேராகக் குருவிடம் போனார். நடந்ததையெல்லாம் சொன்னார்.

“இப்ப என் வண்டியில ரெண்டுமே போலிங்க. ஆனா மலை இறங்குற வழியெல்லாம் மனசு நெறஞ்சு இருந்துச்சு. அவருக்குக் கிடைச்சதுக்கு எனக்கு ஏன் இப்படி இருக்கோணும்? அதுதான் தெரியலீங்க.”

“லைட் எரிஞ்சப்ப அவர் எங்க இருந்தாருங்க?”

“ஸ்டியரிங்ல.”

“நீங்க?”

“முன்னாடி நின்னுட்டு இருந்தேன்.”

நூர்ஜகான் திறந்திருந்த தன் வண்டியின் பானெட்டை இறக்கி மூடினார்.

“உள்ள உட்கார்ந்திருக்கிறவருக்கு ரோடுதாங்க தெரியும். வெளக்கு, எதுத்தாப்புல நிக்கிறவருக்குத்தான்.”