சும்மா வந்த தண்ணீர்

செங்குன்றபுரி என்று ஒரு ராஜ்யம். தேடிப் போய்விடாதீர்கள், நான் சொன்னால்தான் அது உண்டு. அதை ஆண்ட கஜகேசரி மகாராஜாவுக்கு ஒரு பலவீனம். எது சும்மா கிடைத்தாலும் சரி, மனுஷனுக்குப் பல்லெல்லாம் தெரியும்.

இது தெரிந்த பிரதானி அனந்தப்பர் கோட்டை வாசலில் ஒரு வேலை செய்தார். தரையில் வரிசையாகப் பலகை பதித்தார். வண்டிச் சக்கரம் ஏறினால் பலகை ஒரு சாண் அமுங்கும். அமுங்கினால் கயிறு இழுபடும். கிணற்றிலிருந்து தண்ணீர் ஏறி மகாராஜாவின் பூந்தோட்டத்தில் கொட்டும்.

“வண்டி எப்படியும் போகத்தானே போகுது மகாராஜா. தண்ணி நமக்குச் சும்மா” என்றார் பிரதானி.

மகாராஜா பூரித்துப் போனார். ஏற்றம் இறைத்த நாலு பேரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார். சும்மா வருவதைக் குறை சொல்கிறவன் அரண்மனைப் படி ஏறக் கூடாது என்று தண்டோரா வேறு.

சபையில் விகடம் பேசிப் பிழைப்பவன் ஆண்டியப்பன். தண்டோராவுக்குப் பயந்து அவனும் வாயை மூடிக்கொண்டான். அது அவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவன் பெண்டாட்டியைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு நாள் உப்பு வண்டிக்காரி வெள்ளைத்தாயி அவன் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“சாமி, என் செவலை நேத்து அந்தப் பலகையிலேயே முட்டி போட்டுடுச்சு. ஒவ்வொரு பலகையும் அமுங்க அமுங்க, பள்ளத்துல இருந்து இழுக்கிற மாதிரி இழுக்கணும். ரெண்டு பங்கு புல்லு போட்டும் விலா எலும்பு தெரியுது. இன்னும் பத்து நாள் போனா மாடு தாங்காது. அது போச்சுன்னா நானும் பிள்ளைகளும் தெருவுலதான்.”

“வேற வாசல் வழியா வரக் கூடாதா தாயி?”

“எல்லாத்தையும் பிரதானி அடைச்சுட்டாரே சாமி.”

ஆண்டியப்பன் போய் மாட்டைப் பார்த்தான். முட்டித் தோல் உரிந்து கிடந்தது. நேரே அரண்மனைத் தச்சரிடம் போனான்.

மகாராஜாவுக்குத் தொந்தி உண்டு. அதனால் வைத்தியர் சொல்படி தினமும் காலையில் மேல்மாடத்தில் நூறு சுற்று நடப்பார். ஒரு நாள் அங்கே கால் வைத்ததுமே தரைப் பலகை அமுங்கியது. கயிறு இழுபட்டு, மூலையில் இருந்த மோர்ப்பானையில் மத்து சுழன்றது.

“என்னடா இது?” என்றார், பக்கத்தில் நின்ற ஆண்டியப்பனிடம்.

“பிரதானி யோசனைதான் மகாராஜா. நீங்க எப்படியும் நடக்கத்தானே போறீங்க. வெண்ணெய் நமக்குச் சும்மா.”

அன்று வெண்ணெய் திரண்டது. மகாராஜா வாயெல்லாம் பல். மறுநாள் வேர்த்து ஊற்றியது. மூன்றாம் நாள் சமையல்காரர் இட்டலிக் கொப்பரையை இரண்டு தரம் அடுப்பில் ஏற்ற வேண்டியதாயிற்று. நாலாம் நாள் நாற்பதாவது சுற்றில் மகாராஜா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“ஆண்டியப்பா, இந்தப் பலகையைப் பிடுங்குடா.”

“சும்மா வர்றதைக் குறை சொல்லலாமா மகாராஜா? தண்டோரா போட்டிருக்கே.”

“எதுடா சும்மா? நான் தின்ன இட்டலி எல்லாம் அந்த மத்துக்குத்தான் போகுது. சந்தேகம்னா என் முட்டியைக் கேள்.”

“வேண்டாம் மகாராஜா. போன வாரமே ஒரு முட்டியைக் கேட்டுட்டேன். அதுவும் இதையேதான் சொல்லுச்சு.”

“யாரோட முட்டி?”

ஆண்டியப்பன் சன்னலைத் திறந்தான். கீழே, கோட்டை வாசலில், முட்டியில் துணி சுற்றிய செவலை ஒரு பலகையிலிருந்து வண்டியை இழுக்க முடியாமல் நுரை தள்ளி நின்றது. பின்னால் வெள்ளைத்தாயி தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

மகாராஜா எட்டிப் பார்த்தார். தன் முட்டியைத் தடவிக்கொண்டார். வெட்கமாகத்தான் இருந்தது. பிறகு ஆண்டியப்பன் செய்த குறும்பை நினைத்துத் தொந்தி குலுங்கச் சிரித்தார்.

மத்தியானத்துக்குள் கோட்டை வாசல் பலகை எல்லாம் பெயர்ந்தது. ஏற்றக்காரர்கள் நாலு பேருக்கும் சாப்பாட்டோடு மறுபடி வேலை. செவலைக்கு முட்டி ஆறும்வரை அரண்மனைப் புல். ஆண்டியப்பனுக்குப் பட்டு அங்கவஸ்திரம்.

“அவ்வளவு நல்ல பலகை எல்லாம் வீணாப் போகுதே மகாராஜா” என்று கையைப் பிசைந்தார் பிரதானி.

“வீணாகுமா? உங்க வீட்டுக் கூடத்துல பதிக்கச் சொல்லிட்டேன்” என்றார் மகாராஜா. “நீங்க எப்படியும் நடக்கத்தானே போறீங்க.”