ஏட்டையா அலற வேண்டும்

எருமைக்குளத்தில் என் மைக்செட் இல்லாமல் ஒரு விசேஷம் நடக்காது. ஆவுடையப்பனின் வீடியோ இல்லாமலும் நடக்காது. அதனால் இந்தச் சங்கதியை முழுசாகச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

ஆவுடையப்பனுக்கு முப்பத்தாறு வயது. நானூறு கல்யாணத்தை வீடியோ எடுத்தவன், தன் கல்யாணத்துக்கு வழியில்லாமல் இருந்தான். அவனோடு எப்போதும் இரண்டு பேர். கேமரா பிடிப்பவன் சங்கிலிபூதத்தான், லைட் பிடிப்பவன் பலவேசம். மூவரும் தங்கமான பிள்ளைகள். ஒரு வேலையைச் சொன்னால் சொன்னபடியே செய்வார்கள், சிக்கலே அதுதான். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் தகப்பனார் வாய் தவறி, "பொண்ணு மாப்பிள்ளையை விட்டு கேமரா நகரக் கூடாது" என்று சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் மறுவீட்டுக்குப் போய் பூதத்தானை நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன்.

ஆவுடையப்பன் ஆசை வைத்தது செண்பகத்தின் மேல். தெப்பக்குளத் தெருவில் தையல் கடை வைத்திருப்பவள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கடையைச் சாத்திவிட்டு சி.டி. போட்டு உட்கார்ந்துவிடுவாள். எல்லாம் வேற்றுக்கிரகத்துப் பிராணி ஊருக்குள் வந்து ஆளைத் தின்கிற படங்கள், அதிலும் காசில்லாதவன் எடுத்த படங்கள். ரப்பர் முகமூடி மாட்டிய பிராணி முதுகில் ஜிப் தெரிய நடந்து வரும். ராக்கெட் செய்த அட்டைப்பெட்டியில் பிஸ்கட் கம்பெனி பெயர் பாதி தெரியும். இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுவாள்.

"இதுல அப்படி என்னம்மா இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அண்ணாச்சி, பெரிய படத்துல பிராணி நிஜம் மாதிரி இருக்கும், நம்ம பயம் சும்மா. இதுல பிராணி சும்மா, நம்ம சிரிப்பு நிஜம். அதோட, எவ்வளவு ஆசையா எடுத்திருக்கான் பாருங்க! அந்த ஜிப்பைத் தச்சவன் மேல எனக்கு ஒரு பிரியமே உண்டு" என்றாள்.

இப்படிப்பட்டவளுக்கு ஆவுடையப்பனைப் பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. "அவரை நினைச்சாலே சிரிப்பு வருது. வேற எவனை நினைச்சாலும் கொட்டாவிதான் வருது" என்று என்னிடமே சொன்னாள்.

குறுக்கே நின்றது அவள் அப்பா, ஏட்டையா உலகநாதன். போலீஸில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். ஆவுடையப்பன் வெற்றிலை பாக்கோடு பெண் கேட்கப் போனபோது நானும் துணைக்குப் போயிருந்தேன். ஏட்டையா மீசையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"ஏல, நான் பிணவறைக்குத் தனியா காவல் இருந்தவன். ஒரு தடவை அலறினது கிடையாது. எம்மவளும் பேய்ப்படம் பாத்துச் சிரிக்கா. இந்த வீட்டுக்கு வர்றவன் எங்களை விட ஒரு படி மேல இருக்கணும். படம் எடுக்கேங்கியே, என்னை அலற வைக்கிற மாதிரி ஒண்ணு எடு. நான் அலறினா பொண்ணைக் கூட்டிட்டுப் போ. ஆவணி பிறக்கிறதுக்குள்ள எடுக்கணும். இல்லைன்னா தென்காசி மாப்பிள்ளைக்கு நிச்சயம் பண்ணிருவேன்."

அன்றைக்கு ஆடி மூன்று. ஆவுடையப்பன் நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போய், திகில் படம் எடுப்பது எப்படி என்று சொல்லித்தரும் அட்டை கிழிந்த புத்தகம் ஒன்றை வாங்கி வந்தான். மறுநாள் காலை என் கடையில் மூவரும் கூடி, வேதம் படிப்பதுபோல் அதைப் படித்தார்கள்.

"'பிராணியை இடைவேளை வரைக்கும் யாருக்கும் காட்டக் கூடாது'ன்னு போட்டிருக்கு" என்றான் ஆவுடையப்பன்.

"யாருக்கும்னா, தைக்கிற பிள்ளைக்கும் காட்டக் கூடாதோ?" என்று கேட்டான் பலவேசம்.

"அவளும் 'யாருக்கும்'ல ஒருத்திதானே" என்றான் பூதத்தான்.

அப்படித்தான் செண்பகம் கண்ணைக் கட்டிக்கொண்டு, பச்சை வெல்வெட் துணியில் செவ்வாய்க் கிரகத்துப் பிராணிக்குச் சட்டை தைத்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் தைத்ததில் கை நாலு ஆகிவிட்டது. இரண்டில் கை விடலாம், மீதி இரண்டில் பஞ்சை அடைத்துவிட்டாள். பலவேசம்தான் பிராணி என்று முடிவானது.

அடுத்த பக்கத்தில், காசு குறைவாக இருந்தால் இருட்டாக எடுக்கவும், குறை தெரியாது என்று எழுதியிருந்தது. பூதத்தான் ரொம்ப நேரம் யோசித்தான். பிறகு லென்ஸ் மூடியைக் கழற்றாமலே இரண்டு நாள் எடுத்தான். போட்டுப் பார்த்தோம். திரை கறுப்பாக இருந்தது.

"ஒரு குறை சொல்லுங்க பாப்போம் அண்ணாச்சி" என்றான் பெருமையாக. நானும் உற்று உற்றுப் பார்த்தேன், சத்தியமாக ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. ஆனால் இருட்டைப் பார்த்து ஏட்டையா அலறுவாரா என்று சந்தேகம் வந்ததால் மூடியைக் கழற்றினார்கள்.

பறக்கும் தட்டுக்குக் கல்யாண மண்டபத்துப் பிரியாணி அண்டாவின் மூடியை எடுத்து, வேப்பமரக் கிளையில் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். கயிறு தெரியவே கூடாது என்று புத்தகம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. ஆகவே படம் எடுக்கத் தொடங்கும்போது ஆவுடையப்பன் மரத்தில் ஏறி, பொறுப்பாகக் கயிற்றை அறுத்தான். கீழே பச்சை உடுப்போடு நின்ற பலவேசத்தின் கால்மேல் தட்டு வந்து இறங்கியது. அவன் போட்ட சத்தம் பக்கத்து ஊருக்கே கேட்டிருக்கும். அந்த மாதிரி ஒரு அலறலை நான் சினிமாவில் கேட்டதே இல்லை. பூதத்தான் அதை எடுத்தானா? கல்யாண வீடியோ எடுத்த பழக்கம், அந்த நேரத்தில் அவன் வேடிக்கை பார்க்க வந்த பெண்களின் நகையை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தான்.

பலவேசம் கட்டுப்போட்டுப் படுத்துவிட்டதால் உடுப்புக்குள் ஆவுடையப்பனே இறங்க வேண்டியதாயிற்று.

ஊரை அழிக்கும் காட்சிக்கு நூறு பேரைத் திரட்டினோம், நானும் ஒருத்தன். எங்களுக்குத் தெரிந்த ஒழுங்கு ஒன்றுதான். கல்யாண மண்டபத்து வாசலில் பிராணிக்குப் பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து மேடையில் நிறுத்தினார்கள். ஊர் வரிசையில் நின்றது. ஒவ்வொருவராக மேடை ஏறி, பரிசுப் பொட்டலத்தைக் கொடுத்து, பக்கத்தில் நின்று, "இங்க பாருங்க, சிரிங்க" என்று பூதத்தான் சொன்னதும் சிரித்து, பிறகு கழுத்தை நீட்டினோம். பிராணி கடித்தது. கடிபட்டவர்கள் சாப்பாட்டுப் பந்திக்குப் போனார்கள். என் முறை வந்தபோது, "பொறுங்க அண்ணாச்சி, வீட்டுக்காரங்களையும் கூப்பிடுங்க, ஜோடியா கடிச்சிருதேன்" என்றான் ஆவுடையப்பன் உள்ளேயிருந்து.

படத்தை எப்படி முடிப்பது என்பதில்தான் பெரிய விவாதம்.

"வெடிகுண்டு வச்சுப் பிராணியைக் கொன்னுரலாம்" என்று படுக்கையிலிருந்தே சொன்னான் பலவேசம்.

"நாம எடுத்த நானூறு கேசட்டுல எதாவது அப்படி முடிஞ்சிருக்கால?" என்று கேட்டான் பூதத்தான்.

"எல்லாம் தாலி கட்டித்தான் முடிஞ்சிருக்கு" என்று ஆவுடையப்பன் ஒப்புக்கொண்டான். தாலி இல்லாமல் ஒரு வீடியோவை முடிக்கலாம் என்பது அந்த மூன்று மண்டைக்கும் எட்டவே இல்லை. கதாநாயகிக்கு ஆள் இல்லாமல் செண்பகமே நடித்தாள். ஏட்டையாவிடம் சொல்லவில்லை. மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கோத்து, என் மைக்செட்டில் கெட்டிமேளம் முழங்க, பச்சைப் பிராணி அவள் கழுத்தில் கட்டியது. கூடியிருந்தவர்களோடு நானும் அட்சதை போட்டேன், பொய் சொல்வானேன்.

ஆடி முப்பத்தொன்று சாயங்காலம் கல்யாண மண்டபத்தில் படம் போட்டோம். ஊரே வந்திருந்தது. முன்வரிசை நடுவில் ஏட்டையா, கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். ஆவுடையப்பன் திரையைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பிராணி முதல்முறை வந்தது. கல்யாண வீடியோவில் மணமக்கள் வருவதுபோலவே ஒரு ரோஜாப்பூ விரிந்து, அதற்குள் இதயம் வந்து, இதயத்துக்குள் பச்சை முகம் சுழன்று சுழன்று வந்தது. மண்டபம் குலுங்கியது. கடிக்கும் வரிசை வந்தபோது பெஞ்சிலிருந்து நாலு பேர் விழுந்தார்கள். நானும் கண்ணீர் வரச் சிரித்தேன். பஞ்சுக் கை இரண்டும் ஆடிக்கொண்டே இருக்க, ஒவ்வொருத்தரையும் கடிக்கும் முன் கும்பிடு போட்ட அந்தப் பிராணி மேல் எனக்குப் பாசமே வந்துவிட்டது. செண்பகம் சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஆனால் ஏட்டையாவும் சிரித்தார். அவர் பல்லை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. அவர் சிரிக்கச் சிரிக்க ஆவுடையப்பன் முகம் செத்துக்கொண்டே வந்தது. "போச்சு அண்ணாச்சி, எல்லாம் போச்சு. தென்காசிக்காரன் கொண்டு போயிருவான்" என்று என் தோளில் சாய்ந்து அழுதுவிட்டான்.

அப்போது திரையில் கெட்டிமேளம் முழங்கியது. ஏட்டையாவின் ஒரே மகள் பட்டுச்சேலையில் குனிந்து உட்கார்ந்திருக்க, நாலு கைப் பிராணி ஒன்று அவள் கழுத்தில் மூன்று முடிச்சையும் போட்டது.

"ஐயோ! எம்மா! எம்மவளே!"

பிணவறைக்குக் காவல் இருந்த மனுஷன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். அந்த அலறலில் என் ஸ்பீக்கரே அடங்கிப்போனது.

சோடா தெளித்து எழுப்பினோம். வாக்குத் தவறாதவர், வேட்டியைத் தட்டிக் கட்டிக்கொண்டு, "அலறிட்டேன்ல. கூட்டிட்டுப் போ" என்றார்.

ஊர் கைதட்டியது. ஆவுடையப்பன் மட்டும் அசையவில்லை.

"அடுத்தவரு சம்சாரத்தை நான் எப்படிக் கூட்டிட்டுப் போவேன், மாமா?" என்றான்.

"எவன்ல அடுத்தவன்?"

"தாலி கட்டினவரு. நீங்களும்தானே பாத்தீங்க?"

"நான் மூணு பக்கமிருந்து எடுத்திருக்கேன். கட்டினது வாஸ்தவம்" என்றான் பூதத்தான்.

"உள்ள இருந்தது நீதானல?" என்றேன் நான்.

"இருந்தேன் அண்ணாச்சி, இல்லைங்கல. ஆனா மாலை போட்டது அவரு கழுத்துல. கட்டினது அவரு கை. ஊரே அவருக்குத்தானே அட்சதை போட்டுச்சு? நீங்களும் போட்டீங்களே!"

ஏட்டையா இரண்டாம் முறை அலறினார். செண்பகம் சிரித்துச் சிரித்து மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கடைசியில் பலவேசம்தான் நொண்டிக்கொண்டு வந்து வழி சொன்னான். "அவருகிட்டயே எழுதி வாங்கிருவோம். மனசு வச்சா விட்டுக்குடுப்பாரு."

வெள்ளைத் தாளில், 'எனக்கும் செண்பகத்துக்கும் இனி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை' என்று எழுதினார்கள். ஆவுடையப்பன் அவரைக் கூட்டி வருகிறேன் என்று பின்னறைக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் பச்சைப் பிராணி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தது. ஊர் எழுந்து நின்றது. பேனாவை வாங்கி, பஞ்சுக் கைகளையும் தூக்கிப் பிடித்து, நாலு கைக்கும் நாலு கையெழுத்துப் போட்டது. செண்பகத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிப் போனது.

பின்னறையிலிருந்து ஆவுடையப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"என்னல, சங்கடப்பட்டாரா?" என்று கேட்டேன். நானும் அந்த அளவுக்கு வந்துவிட்டேன்.

"வெளியில காட்டிக்கலை அண்ணாச்சி. கூடவே உள்ள இருந்த எனக்குத்தான தெரியும், மனுசன் என்னமா அழுதாரு! மனசு கேக்கலை. என் கல்யாணத்துக்கு நீங்கதான் மாப்பிள்ளைத் தோழன்னு சொல்லிட்டேன். நான் எப்ப வாரேனோ அப்பவே தானும் வந்திருதேன்னாரு."