ராஜாவின் கன்னம் கிழித்த சந்திரகாந்தக் கல்

எந்தக் காலமென்று கேட்காதீர்கள், ரொம்பப் பழைய காலம். கருங்காவூர் நாட்டைச் செழியவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் புத்தி நிமிஷத்துக்கு ஒரு பக்கம் சாயும். காலையில் ஒருவனுக்கு மாலை போடுவான், மதியம் அவனையே நாடு கடத்துவான். ராணி இறந்த பிறகு இது இன்னும் மோசமாகிவிட்டது. பிள்ளைகுட்டி இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் எதிரே ஆளில்லை. வாயைத் திறந்தால் "ஆமாம் பிரபு" என்று சொல்ல ஒரு கூட்டமே இருந்தது, அதுவும் தள்ளி நின்று.

அவன் முகத்தைத் தொடுகிறவன் ஒரே ஒருவன், அரண்மனை நாவிதன் சடையன். ஊர்த் தலையெல்லாம் மழிக்கிறவனுக்கு வாய்த்த பேரைப் பாருங்கள்! மலையோடையில் கண்டெடுத்த சாம்பல் நிறத் தீட்டுக்கல் ஒன்று வைத்திருந்தான். கொஞ்சம் தண்ணீர் தெளித்துச் சவரக்கத்தியை அதில் மெல்ல இழுப்பான். அரைத்த சந்தனம் போலக் கல் கசியும். பிறகு தோல்வாரில் ஓர் இழுப்பு. கத்தி கன்னத்தில் போவதே தெரியாது. கை ஓடும்போது வாயும் ஓடும். யார் வீட்டுப் பசு கன்று போட்டது, எந்த மாமியார் கோபித்துக்கொண்டு போனாள் என்று சொல்லிக்கொண்டே இருப்பான். ராஜா கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். நாள் முழுவதிலும் அந்தச் சிறு பொழுதுதான் அவனுக்கு மனுஷத் துணை.

பொக்கிஷ அதிகாரி வச்சிரபாகுவுக்கு இது பொறுக்கவில்லை. முறுக்கு மீசைக்காரன், ராஜாவின் காது தனக்கு மட்டுமே சொந்தம் என்று நினைப்பவன்.

"பிரபு, சந்தையில் போகிறவனை மழிக்கிற கத்தி தீட்டிய கல்லில் தங்கள் கத்தியையும் தீட்டுவதா? இதோ பாருங்கள், வேறு எவன் கத்தியும் படாத சந்திரகாந்தக் கல்!" என்று பளபளவென்று ஒரு கல்லை நீட்டினான்.

ராஜாவின் புத்தி சாய்ந்தது. பழைய கல்லைத் தூக்கி முற்றத்தில் வீசினான். அது துண்டு துண்டாகச் சிதறியது.

சடையன் புதுக் கல்லில் கத்தியை இழுத்துப் பார்த்தான். "சாமி, கல் அழகுதான். ஆனால் கத்திக்குப் பிடிக்கவில்லை."

"கத்தியைக் கேட்டாயோ?"

"கேட்டேன் சாமி. கீச்சென்று அழுகிறது."

"தீட்டு என்றால் தீட்டு!"

தீட்டினான். முதல் இழுப்பிலேயே ராஜாவின் கன்னத்தில் ரத்தம் எட்டிப் பார்த்தது.

"ஐயோ, சதி!" என்று குதித்தான் வச்சிரபாகு. "இன்றைக்குக் கன்னம், நாளைக்குக் கழுத்து! இவன் கையை வெட்டுங்கள் பிரபு!"

"வெட்டுங்கள்!" என்றான் ராஜா. காவலர்கள் சடையனைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் ராஜாவையே பார்த்தபடி நின்றான்.

சத்தம் கேட்டுச் சபையே ஓடிவந்தது. மந்திரி அம்பலவாணர் முன்னே வந்தார். "அப்படியே செய்யலாம் அரசே. குற்றம் கையுடையதுதான், கல்லுடையது இல்லை. அப்படித்தானே வச்சிரபாகு?"

"சந்தேகமென்ன!"

"அப்படியானால் கொண்டுவந்தவருக்கு ஒரு மரியாதை செய்ய வேண்டாமா? அதே கல்லில் தீட்டிய கத்தியால், உங்கள் வீட்டு நாவிதன் இங்கேயே உங்களுக்குச் சவரம் செய்யட்டும். அவன் கையில் உங்களுக்குச் சந்தேகம் இருக்காதே?"

"ஆகட்டும்!" என்றான் ராஜா. வச்சிரபாகுவால் மறுக்க முடியவில்லை. அவன் வீட்டு நாவிதன் வந்து, தீட்டி, கன்னத்தில் கத்தியை வைத்தான்.

"எப்படி இருக்கிறது?" என்றார் மந்திரி.

"பூ... பூ வருடுவது போல!"

"கண்ணில் தண்ணீர்?"

"ஆனந்தக் கண்ணீர்!"

"தாடையில் சிவப்பு?"

"வெ... வெட்கம்!"

"அடடா! இவ்வளவு சுகமென்றால் மீசையையும் எடுத்துவிடலாமே."

பாதி மீசை பிய்ந்ததும் வச்சிரபாகு, "ஐயோ, நிறுத்துடா! கல்லா இது, ரம்பம்!" என்று அலறினான். சபை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

"கேட்டீர்களா அரசே? சாட்சி அவரே சொல்லிவிட்டார்," என்றார் மந்திரி.

ராஜா சடையனை விடச் சொன்னான், தன் முத்துமாலையை மந்திரிக்குப் போட்டான். வச்சிரபாகுவிடம், "மலையோடைக்குப் போ. சடையனுக்கு ஏற்ற கல் கிடைக்கும்வரை தண்ணீரில் இறங்கித் தேடு. மீசை இப்படியே இருக்கட்டும்," என்றான்.

பாதி மீசையோடு ஓடையில் குனிந்து கிடந்தவனைப் பார்க்க ஊரே போயிற்று. ஒருவழியாகக் கல் கிடைத்தது. சடையன் வந்தான், தீட்டினான். கத்தி முன்போலவே ஓடியது. ஆனால் வாய் ஓடவில்லை.

"ஊரில் என்ன சேதி சடையா?"

"தங்கள் தயவால் எல்லாரும் நலம் பிரபு."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. இது சபைக்காரர்களின் பேச்சு. நாட்கள் போயின, வேறு பேச்சு வரவில்லை. அரண்மனை முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது. மந்திரியைக் கூப்பிட்டு, "அவனைப் பேசவைக்க ஒரு தந்திரம் சொல்லும்," என்றான்.

"கையைக் காப்பாற்றத் தந்திரம் இருந்தது அரசே. பயத்துக்கு என்னிடம் தந்திரம் இல்லை. அதைக் கொடுத்தவர்தான் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்."

மறுநாள் சடையன் கன்னத்தை நனைத்ததும், ராஜா கண்ணை மூடாமல் அவன் முகத்தைப் பார்த்தான்.

"சடையா, உன் கையை வெட்டச் சொன்னேன். தப்பு என்னுடையது. ராணி இருந்திருந்தால் அன்றைக்கு என்னைச் சும்மா விட்டிருக்கமாட்டாள். அவள் போன பிறகு அவள் பேரை இங்கே யாரும் எடுப்பதில்லை. நானும்தான்."

கத்தி நின்றது. சடையன் அதை மடக்கிக் கீழே வைத்தான்.

"ராணியம்மா என்ன சொல்லியிருப்பாங்க சாமி?" என்று கேட்டான்.

ராஜா சொல்லத் தொடங்கினான். நனைத்த கன்னம் காய்ந்துபோயிற்று. சடையன் மறுபடி நனைத்தான். அதுவும் காய்ந்தது. சபை கூடி வெகுநேரம் காத்திருந்தது, ராஜா வரவில்லை.